சுடுகாட்டுக் கொழுக்கட்டையைத் தின்றவர்

அவர் தின்றது எனக்கென்று வந்த கொழுக்கட்டை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கொழுக்கட்டைக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம். ஒரு கொழுக்கட்டைக்காகத்தான்.

சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வல்லம் வடகாலில் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். சாய்ந்து நிற்கும் பலகையில் கலர் கலராக வயர்களைப் பரப்பி, டேப் சுற்றி, நுனிகளை பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருக வேண்டும். டக்கென்று சத்தம் வந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சின்ன ஓட்டைக்குள் ஒரு தூசி போனாலும் எங்கோ ஓர் ஊரில் ஒரு கார் நடுரோட்டில் நின்றுபோகும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வேலைக்குப் பழக்கினார்கள். தலையில் பூ வைக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் கூடக் கூடாது. உணவுப் பொருளுக்கு அனுமதி இல்லை என்று லைன் முனையில் பெரிய சிவப்புப் பலகை தொங்கியது.

அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் எங்கள் சூப்பர்வைசரின் மேஜை. அவர் சாப்பிடுவதும் அங்கேதான்.

நாற்பதைத் தாண்டியவர். சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். குரலை உயர்த்தாமலே ஆளைக் கூனிக் குறுக வைக்கத் தெரிந்தவர். பள்ளிக்குப் போகிற இரண்டு பெண் பிள்ளைகள் அவருக்கு. அவருடைய போனில் பின்படமாக அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வாய் மட்டும் அடங்காது. சுற்று ஊர்களிலிருந்து வருகிற பெண்கள்தான் லைனில் அதிகம் என்பதால் எந்த ஊரில் எப்போது திருவிழா, எந்த வீட்டில் என்ன பலகாரம் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. திருவிழாவுக்கு லீவு கேட்டால், "எல்லாரும் சாமி கும்புடப் போய்ட்டா அவுட்புட்ட சாமியா வந்து குடுக்கும்?" என்பார். மறுநாள் அதே வாயால், "இன்னாம்மா, உங்க ஊர்ல நேத்து கூழாமே? வெறுங்கைய வீசிக்கினு வந்துக்கிற?" என்பார். கொண்டுவராதவர்களுக்கு அந்த வாரம் கஷ்டமான பலகை. இதையெல்லாம் மேலே போய்ச் சொல்ல முடியுமா? ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடியிருந்தன. பிள்ளை இல்லை. படப்பையில் பார்த்தோம், தாம்பரத்தில் பார்த்தோம். இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் இல்லை, பொறுங்கள் என்றார்கள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். மாமியாருக்கு டாக்டரை விட அங்காளம்மன் மேல்தான் நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் சிவராத்திரி முடிந்து வரும் மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளை நடக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. பிரம்மாவுக்கு அப்போது ஐந்து தலை. ஒரு தலையைச் சிவன் கிள்ளி எறியப்போக, அது அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் பிச்சை எடுத்து வருவதையெல்லாம் அந்தக் கபாலமே தின்றுவிடும். அவருக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. பசியில் பைத்தியம் பிடித்துச் சுடுகாடு சுடுகாடாக அலைந்தார். கடைசியில் அம்மன் வந்தாள். அவள் சூலத்தை எடுக்கவில்லை, உலை வைத்தாள். ருசியாகச் சமைத்து முதல் உருண்டையைக் கபாலத்துக்குப் போட்டாள். தின்றது. இரண்டாவதையும் போட்டாள். தின்றது. மூன்றாவதைக் கீழே தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் சிவன் கையை விட்டுத் தரைக்குக் குதித்தது. அந்த நொடியில் அம்மன் ஆகாயம் முட்ட எழுந்து நின்று அதைக் காலால் மிதித்து நசுக்கினாள்.

அதனால்தான் அன்றைக்குச் சுடுகாட்டில் மண்ணால் அம்மனைப் படுக்க வைத்து, வேகவைத்த மொச்சை, காராமணி, கிழங்கு, கொழுக்கட்டை எல்லாவற்றையும் படைத்துக் கூட்டத்தில் வாரி இறைப்பார்கள். கீழே விழுவதற்குள் பிடிக்க வேண்டும். பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். பிடித்ததை விளக்கு வைப்பதற்குள் தின்றுவிட்டால் அடுத்த மாசிக்குள் வயிறு திறக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் தெருவிலேயே அப்படிப் பிறந்தவள் என்று ஒரு பெண்ணைக் காட்டுவார்கள்.

அந்த வருடம் அமாவாசை வந்த வாரத்தில் எனக்கு மதிய ஷிஃப்ட். சுடுகாட்டில் இறைப்பதும் சாயங்காலம்தான். ஒரு வாரம் முன்னாலேயே போய்க் கேட்டேன். லீவு வேண்டாம், காலை ஷிஃப்டுக்கு மாற்றிக் கொடுத்தால் போதும் என்றேன்.

"இன்னா விசேஷம்?" என்றார்.

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சுடுகாட்ல சுண்டல் பொறுக்கறதுக்கு ஷிஃப்ட் மாத்தணுமா? போய் வேலையப் பாரும்மா."

அமாவாசையன்று நான் வேலைக்கு வந்தேன். எனக்குப் பதிலாக மாமியார் போனார். அந்த வயதில், பிள்ளை வேண்டி நிற்கிற இளம் பெண்களுக்கு நடுவில் முண்டியடித்து, முந்தானையைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறார். யாரோ முழங்கையால் இடித்ததில் உதடு கிழிந்திருக்கிறது. ஒரு கொழுக்கட்டையும் கொஞ்சம் மொச்சையும் கிடைத்தன. அதை மஞ்சள் துணியில் முடிந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் கம்பெனியில் சேர்த்துவிடு என்று விரட்டியிருக்கிறார். அவரும் வண்டியில் பறந்து வந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கேட்டில் கொடுப்பது எதுவும் நேராக எங்கள் கைக்கு வராது. சூப்பர்வைசர் மேஜைக்குத்தான் போகும்.

டீ நேரத்தில் செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடினேன். மஞ்சள் துணி மேஜை மேல் பிரிந்து கிடந்தது. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"சார், அது எனக்கு வந்தது சார்."

"இதுவா? உப்பும் இல்ல, வெல்லமும் இல்ல. யாரு செஞ்சது?"

"சுடுகாட்டுல எறச்சது சார். எங்க மாமியா புடிச்சி அனுப்பிச்சாங்க. எனக்கு."

ஒரு கணம் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார். துப்பிவிடுவார் என்று நினைத்தேன். துப்பியிருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ. அவர் விழுங்கினார். பிறகு லைன் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"கேட்டீங்களா? இத தின்னா கொழந்த பொறக்குமாம். ஏம்மா, அதுக்கு வூட்டுக்காரரு வேணாமா? கொழுக்கட்டையே போதுமா? நான் தின்னுட்டேனே, இப்ப எனக்கில்ல பொறக்கப் போவுது!"

வயிற்றைத் தடவிக் காட்டினார். ஆண்கள் சிரித்தார்கள். பயத்தில் பெண்கள் சிலரும் சிரித்தார்கள். மிச்சமிருந்த மொச்சையைத் துணியோடு சுருட்டிக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

நான் என் பலகைக்குத் திரும்பினேன். டக், டக் என்று செருகினேன். அழுகை வரவில்லை. அன்றைக்கு என் பலகையிலிருந்து ஒரு பிழையான பீஸ்கூடப் போகவில்லை.

வீட்டில் மாமியார் வீங்கிய உதட்டோடு விழித்திருந்தார். "துன்னியா?" என்றார். துன்னேன் என்றேன். அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது? அதிலிருந்து அவர் என்னை ஒரு குடம் தூக்க விடவில்லை. நாள் தள்ளுகிறதா என்று கண்ணாலேயே கேட்பார். நான் தலைக்குக் குளித்து வந்தால் ஒன்றும் பேச மாட்டார். பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்படும். ஒவ்வொரு மாதமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது அந்த ஆள் வயிற்றைத் தடவிக் காட்டியதுதான் கண்ணில் வரும்.

அம்மன் கபாலத்தோடு வாக்குவாதம் செய்யவில்லை, சமைத்தாள். நானும் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி கொண்டுபோனேன். வருடம் பிறக்கும்போதே இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாவற்றையும் ஒரே வாயில் தின்றுவிட வேண்டும் என்பதற்காக அதில் வேப்பம்பூவை வறுத்துப் போடுவோம். அவர் வேப்பம்பூவை மட்டும் ஒதுக்கிவிட்டு டப்பாவை வழித்தார். கொடுக்கும்போது லைன் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னேன்.

"சார், கேன்டீனுக்குக் கொண்டு போய் சாப்டுங்க சார். லைன்ல வேணாம் சார்."

"நான் இன்னா எல்கேஜி புள்ளையா? எனக்குத் தெரியும், போ."

ஆடியில் கூழ். புருஷனைப் பறிகொடுத்து நெருப்பில் இறங்கினாள் ரேணுகா. மழை வந்து நெருப்பை அணைத்துவிட, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு எழுந்து, வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு பசி என்று வந்து நின்றாள். குடிசைக்காரர்கள் தங்களிடம் இருந்த மாவையும் வெல்லத்தையும் இளநீரையும் கொடுத்தார்கள். அவளே மாரியம்மன் ஆனாள், அந்தப் பசிக்குத்தான் ஆடியில் கூழ் ஊற்றுகிறோம் என்பார்கள். கேழ்வரகைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போனேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடித்தார். "எங்க வூட்ல இதெல்லாம் செய்யத் தெரியாதும்மா" என்றார். கேன்டீனில் சாப்பிடுங்கள் சார் என்று அன்றும் சொன்னேன்.

பிள்ளையார் சதுர்த்திக்குத் தேங்காயும் வெல்லமும் பூரணம் வைத்த கொழுக்கட்டை. ஒன்றைக் கடித்துவிட்டு, "இது சூப்பர். அப்ப ஒரு தடவ உப்பில்லாம ஒண்ணு துன்னேனே, அது மாதிரி இல்ல" என்றார். முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. அந்த வருடத்தில் எனக்கு எப்போதாவது சோர்வு வந்து, போதும் விட்டுவிடலாம் என்று தோன்றியிருந்தால் அந்த ஒரு வார்த்தை அதைத் துடைத்துப் போட்டுவிட்டது.

எனக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நன்றாகப் படித்தவள் என்று சொல்லி அவளை அந்தச் சமயம்தான் குவாலிட்டி பிரிவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு என்னைப் பார்த்தால் ஆத்திரமாக வந்தது.

"யக்கா, அந்தாளு உங்கள என்னெல்லாம் பேசுனாரு. நீங்க பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி ஊட்டிக்கிட்டு இருக்கிய. ரோஷமே கெடையாதா?"

"ஊட்றவங்களுக்கெல்லாம் ரோஷம் இல்லன்னு யாரு சொன்னது?" என்றேன்.

அவள் என் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தீபாவளிக்கு அதிரசம். அதற்குள் அவர் மதியச் சாப்பாடு கொண்டுவருவதையே நிறுத்தியிருந்தார். விசேஷம் இல்லாத நாளிலும் என் டப்பாவை எதிர்பார்த்தார். பசி வந்தால் கை தானாக மேஜை டிராயருக்குள் போகும். எனக்கு இப்போது லேசான பலகைதான் வந்தது. தீபாவளிக்கு நான் கேட்காமலே லீவு கொடுத்தார். "நீ எவ்ளோ நாள் வேணும்னாலும் எடுத்துக்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். சிரித்த முகம். மனதாரத்தான் சொன்னார். அந்த நேரம் எனக்கு வயிறு எரிந்தது. மாசியில் கேட்டபோது ஷிஃப்டை மாற்றிக் கொடுக்க அவருக்கு ஒரு கையெழுத்துதான் வேண்டியிருந்தது. அதிரசத்துக்குக் கிடைத்தது அம்மனுக்குக் கிடைக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று லைனே பரபரத்தது. தரையைத் தேய்த்தோம், மஞ்சள் கோடுகளுக்குப் புதிதாக வண்ணம் அடித்தார்கள். தீபத்துக்கு மறுநாள் வருவதாகப் பேச்சு. காலையில் மீட்டிங் ரூமில் அவர்களை உட்கார வைத்துப் படம் போட்டு விளக்குவார்கள், மதியத்துக்கு மேல்தான் லைனுக்கு வருவார்கள், முன்வாசல் வழியாக வருவார்கள் என்று சூப்பர்வைசர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

தீபத்தன்று காலை டீ குடிக்கும்போது திருநெல்வேலிப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவங்க மொதல்ல மீட்டிங்குக்குப் போகலையாம்க்கா. வந்ததும் ஸ்டோர் வழியா நேரா லைனுக்குத்தான் வாராங்களாம். திடுதிப்புனு வந்து பாக்கணும்னு கேட்ருக்காங்க. எங்க பிரிவுல மட்டும்தான் சொல்லிருக்கு."

அவள் எதற்காக என்னிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் பதிலுக்கு நிற்கவில்லை. எங்கள் லைனுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய ரேக். ஆள் பார்வையில் படாமல் தின்ன வேண்டும் என்றால் அவர் போய் நிற்கிற இடம் அந்த ரேக் மறைவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கு வரிசை ஏற்றிவிட்டுப் பொரி உருண்டை பிடித்தேன். உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல எரிந்து தவித்த பலிச் சக்கரவர்த்தி, கார்த்திகை விளக்கு நோன்பு இருந்துதான் எரிச்சல் தணிந்தான், அதனால்தான் அன்று நெல் பொரியில் வெல்லம் சேர்த்துப் படைக்கிறோம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எரிச்சல் தணிக்கிற பலகாரம். எனக்குத் தணியவில்லை. பாகு உருட்டும் பதத்துக்கு வருவதற்கு முன்பே இறக்கினேன். கையில் நெய் தடவி இறுக்கிப் பிடித்தேன். பார்வைக்கு உருண்டைதான். கடித்தால் உதிர்ந்து கொட்டும், விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும்.

மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு மடியைத் தட்டினார். "இன்னாடி, பாகு பதமே வர்ல. பொலபொலன்னு கொட்டுது பாரு. நம்ம வூட்ல இப்பிடியா செய்வாங்க?"

"இது வூட்டுக்கு இல்ல அத்த."

மறுநாள் காலை லாக்கர் பக்கத்தில், எல்லோரும் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டிருக்கும்போது டப்பாவை நீட்டினேன். அவர் விடியும் முன்பே வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தவர். ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். கண் அப்படியே டப்பா மேல் நின்றது.

"இன்னிக்கு வேணாம் சார். ஆளுங்க வராங்கல்ல. கேன்டீன்ல வச்சி சாப்டுங்க. லைனுக்கு எடுத்தாராதீங்க சார்."

"அவனுங்க மத்தியானம்தாம்மா வருவானுங்க" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்.

வேலை தொடங்கியது. அவர் டிராயரைத் திறந்தார், மூடினார். எழுந்து ஒரு சுற்று வந்தார். திரும்பவும் திறந்தார். நான் தலையைத் தூக்காமல் செருகிக்கொண்டிருந்தேன். காது மட்டும் அந்தப் பக்கம் இருந்தது. கடைசியில் டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ரேக் மறைவுக்குப் போனார். பக்கத்தில் கனெக்டர்கள் நிரப்பிய தட்டுகள் திறந்து கிடந்தன. மேலே ராட்சத மின்விசிறி சுற்றியது.

ஸ்டோர் கதவு திறந்தது.

வெள்ளைக் கோட்டு போட்ட வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் எங்கள் பிளான்ட் மேனேஜர், பின்னால் குவாலிட்டி ஆட்கள். சத்தம் கேட்டு அவர் திரும்பினார். வாய் நிறைய பொரி. கையில் பாதி உருண்டை. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனார். அது உதிர்ந்தது. விசிறிக் காற்றில் பொரி பூப்போலப் பறந்து தட்டுகளில், பலகைகளில், கட்டி முடித்த வயர்களில் எல்லாம் போய் உட்கார்ந்தது. அவர் பதறித் தட்டிவிடப் பார்த்தார். பிசுக்கு விரல்களில் கனெக்டர்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

வந்தவர்களில் ஒரு பெண் இருந்தார். குனிந்து ஒரு கனெக்டர் ஓட்டையிலிருந்து பொரி ஒன்றைக் கையுறை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொரிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அங்கே யாருக்கும் வரவில்லை.

மேனேஜர் முகம் செத்துப்போயிருந்தது. "லைனுக்குள்ள இதக் கொண்டாந்தது யாரு?"

அவரால் விழுங்க முடியவில்லை. கையை என் பக்கம் நீட்டினார். "அந்தப் பொண்ணு... அந்தப் பொண்ணு குடுத்தது சார்."

நான் எழுந்து நின்றேன்.

"குடுத்தேன் சார். லாக்கராண்ட குடுத்தேன். லைன்ல வேணாம், கேன்டீன்ல வச்சி சாப்டுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"நிஜமா?" என்று மேனேஜர் லைனைப் பார்த்தார்.

"ஆமா சார், காலைலகூட சொன்னாங்க" என்றது ஒரு குரல். "எப்பக் குடுத்தாலும் சொல்லுவாங்க சார்" என்றது இன்னொன்று. அதற்குப் பிறகு வரிசையாகக் குரல்கள். அன்று சிரித்த ஆண்களும் சொன்னார்கள். அவர் மேஜை டிராயரை இழுக்கச் சொன்னார் மேனேஜர். அதிரச எண்ணெய்த் தாள், வெல்லப் பிசுக்கு, அதைச் சுற்றி எறும்பு.

அந்தத் தட்டுகளில் இருந்ததையும் பலகைகளில் கட்டி முடித்ததையும் கழித்துக் கட்டச் சொல்லிவிட்டார்கள். லைன் நின்றது. விசிறியை நிறுத்தியதும் வந்த அமைதியில் அவர் மெல்ல முடியாமல் மென்று முடித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவரை லைனிலிருந்து எடுத்து, பின்பக்கம் லாரிகளில் சரக்கேற்றும் இடத்துக்கு அனுப்பினார்கள். தகர ஷெட்டு, வெயில், ஹெல்மெட். நாங்கள் கேன்டீனுக்குப் போகும்போது அவர் லாரிக்காரர்களிடம் கத்திக்கொண்டிருப்பது தெரியும். எனக்கும் கான்டிராக்டர் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இனிமேல் யாருக்கும் எதுவும் கொண்டுவரக் கூடாது என்றார். சரி என்றேன். யாருக்குக் கொண்டுவரப் போகிறேன்?

சில வாரங்கள் கழித்து ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஷிஃப்ட் விட்ட நேரம், நல்ல கூட்டம். அவர் வந்து எதிரில் நின்றார். கறுத்துப் போயிருந்தார்.

"உனக்கு நான் இன்னாம்மா கெடுதல் பண்ணேன்? லீவு குடுத்தேன், நல்ல போர்டு குடுத்தேன். அவங்க ஸ்டோர் வழியா வராங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

அதை எதிர்பார்க்கவில்லைபோல. "அப்ப ஏன்?"

"மாசில கேட்ல இருந்து எனக்கு ஒரு பொட்டலம் வந்துச்சு சார். மஞ்சத் துணில. அத நீங்க துன்னீங்க."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. "எந்தப் பொட்டலம்?"

நினைவில்லை. நான் அதோடு எழுந்து, அதோடு படுத்திருக்கிறேன். உப்பில்லாத ருசி நினைவிருந்தவருக்கு அது யாருக்கு வந்தது என்பது நினைவே இல்லை. எனவே நினைவுபடுத்தினேன். மெல்லச் சொல்லவில்லை. சுடுகாட்டையும், மாமியாரின் கிழிந்த உதட்டையும், அவர் வயிற்றைத் தடவிக் காட்டியதையும், என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசியதையும் வார்த்தை மாறாமல் அவர் குரலிலேயே சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"இப்ப... ஏதாவது..." என்று என் வயிற்றின் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

"இல்ல."

"தமாஷுக்குத்தாம்மா அன்னிக்கு... மன்னிச்சிக்கோம்மா."

"மாட்டேன்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ துன்னவே இல்லியா?"

"இல்ல அத்த."

"இத்தினி மாசமா நான் பாத்துக்கினு கீறேன். ஒரு வார்த்த சொல்லாம கம்முனு இருந்தியே!" என்று என் மேல் பாய்ந்தார். வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வரவேண்டியதுதான். திட்டி முடித்த பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது. "அப்ப யாரு துன்னது?"

முழுவதும் சொன்னேன். கொழுக்கட்டை, பச்சடி, கூழ், அதிரசம், பொரி உருண்டை, தகர ஷெட்டு வரை. குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

தலையாட்டினார். முறத்தை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மாதமும் சரி, அடுத்த மாதங்களும் சரி, பாத்திரங்கள் சத்தம் போடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்போதுதான் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேச ஆரம்பித்தோம் என்று நினைக்கிறேன். பிள்ளை வரவில்லை. இன்று வரை இல்லை.

சரக்கேற்றும் இடத்தில் அந்த மனிதர் அதிக நாள் நிற்கவில்லை. பென்னலூர் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். திருநெல்வேலிப் பெண்ணோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஒருத்தி அங்கேதான் வேலை செய்கிறாள். போன பொங்கலுக்கு அவள் லைனில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவருக்கு நீட்டியபோது கையை உடனே நீட்டவில்லையாம். யார் செய்தது, எந்த ஊர், எதற்குச் செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். கேட்டுவிட்டு, வேண்டாம் என்று நகர்ந்துவிட்டாராம்.

இதைத் திருநெல்வேலிப் பெண் போனில் சொன்னபோது அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.